சுவரோரத்துக் கிரனடாச் சிப்பாயின் கல்

1. நான் செய்தவை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பின்னுக்கு யாரும் துப்பறிந்து கண்டுபிடித்த மாதிரிச் சொல்லக்கூடாது என்பதற்காக நானே முதலில் எழுதி வைக்கிறேன். மன்னாரில் மீன் பெட்டி தூக்கினேன். ஜெர்மனியில் அகதி முகாமில் இருந்தபடி ஒரு கல்லறைக்கல் பட்டறையில் தூசி கூட்டினேன். ஒரு வருசத்தில் பொலிஷ் மெசின் என் கைக்கு வந்தது. இரண்டாம் வருசம் முதலாளி எனக்கு உளியும் சுத்தியலும் தந்தார். மனைவி திரேசாவோடும் இரண்டு பிள்ளைகளோடும் லண்டனுக்கு வந்து இறங்கியபோது இங்கிலீசில் எனக்குத் தெரிந்தது யெஸ், நோ, கிரனைட் என்ற மூன்று சொற்கள்தான். ஒரு கிழட்டு வெள்ளைக்கார மேசனிடம் பதினொரு வருசம் வேலை செய்தேன். மாபிள் கல்லில் ஈய எழுத்துப் பதிக்கும் வேலையை அவரிடம் படித்தேன். அந்த வேலை தெரிந்தவர்கள் இப்போது வெள்ளைக்காரரிலேயே குறைவு.

பிறகு ஒரு பழைய வான் வண்டியை வாங்கி, அதன் பக்கத்தில் ‘செபமாலை மெமோரியல்ஸ்’ என்று என் கையாலேயே எழுதினேன். இன்றைக்குத் தெற்கு லண்டனில் மிச்சம் என்கிற ஊரில் எனக்கு யார்ட் இருக்கிறது, வாசலில் போர்ட் இருக்கிறது, மகன் மேசையில் இருந்து போன் எடுக்கிறான். ஈஸ்ட் ஹாமில் இருந்தும் கிங்ஸ்பரியில் இருந்தும் எங்கள் ஆட்கள் தங்கள் தாய் தகப்பனுக்குக் கல் செய்ய என்னிடம்தான் வருகிறார்கள். லண்டனின் தெற்குப் பக்கத்தில் தமிழ் எழுத்தைக் கருங்கல்லில் முதலில் வெட்டியவன் நான். வேறு யாராவது உரிமை கோரினால் என்னிடம் அனுப்பி வையுங்கள்.

இவ்வளவையும் சொன்னது பெருமைக்குத்தான். அதில் பொய் இல்லை. ஆனால் இந்தத் தொழிலுக்கு வருகிற தம்பிமாருக்கு எழுத வேண்டிய சங்கதி இதற்குப் பிறகுதான் இருக்கிறது.

2. நவம்பர் வேலை

எங்கள் ஊரில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் சேமக்காலை முழுவதும் துப்புரவாகும். சொந்தக்காரரின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தபின் வாளியில் மிச்சம் இருந்தால், பக்கத்தில் உரித்துக்காரர் இல்லாமல் கிடக்கிற கல்லறைக்கும் அடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். யாரிடமும் கேட்கிற வழக்கம் இல்லை. கறுத்துக் கிடந்தால் செத்தவருக்கு அவமரியாதை, வெள்ளையாய் இருந்தால் மரியாதை.

அந்தப் பழக்கத்தை நான் லண்டனிலும் விடவில்லை. ஒவ்வொரு நவம்பரும் வாடிக்கையாளரின் கல்லுகளைக் கழுவி முடித்தபின், யாருமில்லாத ஒரு கல்லைத் தேடிப் பிடித்துச் சும்மா கழுவிக் கொடுப்பேன். கறுத்த கல்லைக் கண்டால் எங்கள் ஆட்களுக்குக் கை ஊரும்.

சில வருசத்துக்கு முன் அப்படி ஒரு நவம்பரில், தெற்கு லண்டனில் ஒரு பழைய சேமக்காலையின் கடைசிச் சுவரோரம் ஒரு கல்லைக் கண்டேன். முழங்கால் உயரம். மாபிள். உச்சியில் ஒரு புறா, அதற்கு ஒரு இறக்கை இல்லை. கொடி படர்ந்து முகம் முழுவதும் கரியாய் இருந்தது. எழுத்து இருப்பது தெரிந்தது. நான் வாசிக்கவில்லை. வாசிப்பதென்றால் குனிய வேண்டும், எனக்கு முழங்கால் வருத்தம், வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. இங்கிலீசு வாசிக்க எனக்குப் பஞ்சி, அலுப்பு, என்பதும் உண்மை.

வயசான மாபிளின் தோல் சீனி மாதிரி ஆகிவிடும். கையால் தேய்த்தாலே உதிரும். அதற்கு அசிட் காட்டவே கூடாது என்பது ஜெர்மன் முதலாளி எனக்கு முதல் மாதமே சொல்லித் தந்த பாடம். சேமக்காலைகளில் வேலை செய்யக் கவுன்சில் தந்த பெர்மிட்டிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. தண்ணீரும் மென்மையான பிரஷும்தான் பாவிக்க வேண்டும், அதற்கு இரண்டு நாள் பிடிக்கும். என்னிடம் ஒரு மணித்தியாலம்தான் இருந்தது. செங்கல்லில் சீமெந்துக் கறை எடுக்கிற அசிட் வானில் இருந்தது. ஊற்றினேன். கல் பால் மாதிரி நுரைத்தது. பிறகு பிரஷர் வாஷரைப் பிடித்தேன்.

ஈய எழுத்துகள் ஒவ்வொன்றாய்க் கழன்று புல்லில் விழுந்தன. பாதி ஏற்கனவே விழுந்திருந்தவைதான், மிச்சப் பாதி அன்றைக்கு விழுந்தது. பொறுக்கி வாளியில் போட்டு, யார்ட்டில் பழைய ஈயத்தோடு எறிந்தேன். கல் பல்லு மாதிரி வெள்ளையாய் நின்றது. மெழுகுதிரி கொளுத்தி ஒரு செபம் சொன்னேன். எனக்கு நல்ல சந்தோசம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காசு தருகிற ஆட்களின் கல்லை வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுப்பேன். தருமத்துக்குச் செய்கிற கல்லை முடிந்தபின் மட்டும்தான் எடுப்பேன், போனில் நாலு பேருக்கு அனுப்பிக் காட்டுவதற்கு.

3. மிஸ் ஐவி கொண்டுவந்த படம்

எங்கள் பங்கில் மிஸ் ஐவி என்று ஒரு மனுசி இருந்தா. கரீபியன் தீவில் கிரனடாக்காரி. இருபது வயதில் இங்கே வந்து ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்து ஓய்ந்தவ. வயது எண்பத்தாறு. ஞாயிறு பூசைக்கு ஊதா நிறத் தொப்பி போடாமல் வரமாட்டா. நான் இன்ன தொழில் என்று அவவுக்குச் சொன்னது நிர்மலா. நிர்மலா பாளையங்கோட்டைக்காரி, நூல்நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வெடுத்தவர், எங்கள் பங்கின் வரலாற்றுக் குழுவை நடத்துகிறவர்.

இரண்டு பேரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னை மறித்தார்கள். மிஸ் ஐவியின் தாயின் தமையன், பெயர் கிளெமென்ட், முதலாம் உலகப் போருக்குக் கப்பலேறி வந்த சிப்பாய். சண்டை பிடிக்க வந்தவனைத் தோணி இறக்கவும் பெட்டி தூக்கவும்தான் விட்டார்கள் என்று மிஸ் ஐவி சொன்னா. நெஞ்சு வருத்தம் வந்ததும் பட்டாளத்தில் இருந்து எழுதி விலக்கி, ஊருக்குக் கப்பல் வரும்வரை லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில் போட்டார்கள். கப்பல் வரமுன் செத்துப்போனான். செத்த அன்றைக்கு அவன் சிப்பாய் இல்லை. அதனால் போரில் இறந்தவர்களின் பட்டியலில் அவன் பெயர் ஏறவில்லை. கல்லறை எங்கே என்று எழுதி வைத்த ஆளும் இல்லை. கூட வந்த பையன்கள் ஒரு கல் வைத்து, படம் எடுத்து, ஊரில் அவன் தாய்க்கு அனுப்பினார்கள். படத்தின் பின்பக்கம் ‘லண்டன், சுவரோரம்’ என்று மட்டும் இருந்தது.

மிஸ் ஐவி அந்தப் படத்தை என் கையில் தந்தா. கனத்த கோட்டுப் போட்ட ஆறு கறுத்த பையன்கள். நடுவில் முழங்கால் உயரத்தில் ஒரு கல். எழுத்து வாசிக்கிற அளவில் இல்லை. உச்சியில் புறா. ஒரு இறக்கை இல்லை.

கல்லுக்காரனாகிய எனக்கு ஒரே பார்வையில் இரண்டு சங்கதி விளங்கியது. பையன்கள் கையில் இருந்ததைச் சேர்த்து, பட்டறையில் உடைந்துபோய்க் கழித்து வைத்த கல்லை வாங்கியிருக்கிறார்கள். அது ஒன்று. மற்றது, அது நான் கழுவிய அதே கல் என்பது.

“உம்மட கண்ணுக்கு எங்கயும் பட்டிருக்கா?” என்று மிஸ் ஐவி கேட்டா. அவ பேசியது இங்கிலீசு, நான் என் தமிழில் எழுதுகிறேன்.

லண்டனில் நிறையச் சேமக்காலை இருக்கிறது, தேடிப் பார்ப்போம் என்று சொன்னேன். அசிட் பாவித்தது தெரிந்தால் பெர்மிட் போய்விடும். மகனின் பிழைப்பும் அதில்தான் தொங்கியது. இது அப்போது எனக்குப் பெரிய காரணமாய்ப் பட்டது.

4. இல்லாத இடங்களில் தேடியது

நான் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலாவது பாவம் குறைவு. நானே வானை எடுத்துக்கொண்டு போய் அவவை ஏற்றினேன். அந்தக் குளிர் காலத்தில் மூன்று சேமக்காலைகளுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்றிலும் அந்தக் கல் இல்லை என்பது எனக்குத் தெரியும். அவ ஊன்றுதடியோடு சுவர் நீளத்துக்கு நடப்பா, ஒவ்வொரு கல்லின் உச்சியையும் தொட்டுப் பார்ப்பா. நிர்மலா குடை பிடிப்பார். நான் முன்னால் போய் இலை தழையை விலக்கித் தேடுகிற மாதிரி நடிப்பேன். என் நல்ல மனசைப் பற்றிப் பங்கில் எல்லாரும் பேசினார்கள், பாதர் பிரசங்கத்திலும் சொன்னார்.

மூன்றாம் இடத்தில் அவவுக்குக் கால் ஏலாமல் போனது. ஈரச் சீமெந்துக் கட்டிலேயே உட்கார்ந்துவிட்டா. தன் தாய் சாகும்வரை குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கும் கிளெமென்ட் என்று பெயர் வைக்க விடவில்லை என்று சொன்னா. புதைத்த இடம் தெரியாதவனின் பெயரை உயிருள்ள பிள்ளைக்கு வைக்கக்கூடாதாம். “மூண்டு தலைமுறையாய் அந்தப் பேர் சும்மா கிடக்குது. நான் கண்ணை மூடமுன் அவனை அந்தப் பட்டியலில ஏத்த வேணும். இடம் தெரிஞ்சால்தான் ஏத்துவாங்கள்” என்றா. பட்டியலில் ஏற்ற வேண்டுமென்றால், இன்ன இலக்கச் சிப்பாய் இன்ன இடத்தில் கிடக்கிறான் என்று காட்ட வேண்டும். அவவின் கைப்பையில் கிளெமென்டைப் பட்டாளத்தில் இருந்து விலக்கிய கடதாசி இருந்தது. அதில் இலக்கம் உண்டு. அதே இலக்கம் கல்லிலும் இருந்தால் போதும்.

அன்றைக்கு வந்த குளிரில் அவவுக்குச் சளி பிடித்து, இரண்டு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தா.

5. சொன்ன நாள்

திரேசாவிடம்தான் முதலில் சொன்னேன். அவ மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியைக் கீழே வைக்கவில்லை. பாவசங்கீர்த்தனத்துக்குப் போய்ப் பாதரிடம் சொல்லப் போகிறேன் என்றேன்.

“ஓம், நீங்கள் பாதருக்குச் சொல்லுவியள், அவர் மூண்டு மந்திரம் சொல்லச் சொல்லுவார், நீங்களும் சொல்லிப்போட்டு வந்து சோறு தின்னுவியள். அந்த மனுசிக்கு ஆர் சொல்லுறது?”

பெர்மிட் போகுமே என்றேன்.

“போகட்டும். மீன் பெட்டி தூக்கத் தெரியும்தானே உங்களுக்கு” என்றா.

மிஸ் ஐவி ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபின் அவவின் பிளாட்டுக்குப் போனேன். கேத்தலைப் போடப் போனவவை நிறுத்தி, நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அசிட், வாஷர், ஈயம், மெழுகுதிரி, எல்லாம்.

“உனக்கு எப்ப தெரியும்?” என்று கேட்டா. அதுவரை மரியாதையாய்ப் பேசியவ. எனக்கு அது நீ என்றுதான் காதில் விழுந்தது.

படத்தைக் காட்டிய அன்றைக்கே என்றேன்.

“அப்ப அந்த மூண்டு இடத்துக்கும் என்னை ஏன் கூட்டிக்கொண்டு போனாய்?”

பெர்மிட், மகன் என்று தொடங்கினேன், அவ கை காட்டி நிறுத்தினா.

“நூறு வருசத்துக்கு மேல அவன்ர கல்லை ஒருத்தரும் தொடேல்லை. நீ ஒருத்தன்தான் தொட்டாய். தொட்டாய், பேர் போச்சு.”

மன்னிப்புக் கேட்டேன். அதை அவ காதில் வாங்கவில்லை. சுவர் ஆணியில் தொங்கிய தன் குளிர்க் கோட்டைப் பார்த்தபடி, நாளைக்கு எத்தனை மணிக்கு வான் வரும் என்று மட்டும் கேட்டா.

6. துளைகள்

இனி வருகிற பகுதியைத் தொழில் படிக்கிறவர்கள் கவனமாய் வாசியுங்கள். இதை என்னைத் தவிர வேறு ஆள் செய்திருக்க ஏலாது.

ஈய எழுத்து கல்லில் சும்மா ஒட்டி நிற்பதில்லை. எழுத்தின் வடிவத்தைக் கொஞ்சமாய்க் கொத்தி, அதற்குள் சின்னத் துளைகள் போட்டு, ஈயத்தை அந்தத் துளைக்குள் அடித்து இறக்கி, மேலே தட்டி மட்டமாக்குவோம். துளைதான் வேர். கொத்திய பள்ளம் ஆழமில்லை, அதை என் அசிட் தின்றுவிட்டது. துளை ஆழம். அதை அசிட்டும் தின்னவில்லை, வாஷரும் தின்னவில்லை. நேர்க்கோட்டு எழுத்துக்குத் துளை ஒரே வரிசையில் நிற்கும். வளைவு எழுத்துக்கு வளைவோடு சுற்றி நிற்கும். ஒவ்வொரு மேசனும் தனக்கென்று ஒரு ஒழுங்கில் போடுவான். ஒரு எழுத்தைப் பிடித்துவிட்டால் அவன் கை பிடிபடும்.

மறுநாள் அந்தக் கல்லடியில் மிஸ் ஐவியை மடக்குக் கதிரையில் கம்பளியோடு இருத்தினோம். நான் முழங்காலில் நின்று, வெறும் தண்ணீரால் ஒவ்வொரு துளையையும் சுத்தமாக்கினேன். கல் காய்ந்தபின் மெல்லிய கடதாசியை இழுத்து ஒட்டி, மென்மையான பென்சிலைச் சரித்துத் தேய்த்தேன். துளைகள் வெள்ளைப் புள்ளியாய் எழும்பின. வானத்து வெள்ளி மாதிரி ஒரு ஒழுங்கும் இல்லாமல் இருந்தது.

நிர்மலாவுக்குப் பொறுமை இல்லை. “அண்ணாச்சி, மேல் வரி அவர் பேராத்தான் இருக்கும். ரெண்டாவது வரி நம்பர். அந்தப் பேப்பரைப் பாத்துக்கிட்டே போட்டா சுலபமா முடிஞ்சிரும்லா?” என்று கைப்பையைக் காட்டினார்.

மிஸ் ஐவி பையை மடியில் இறுக்கிப் பிடித்தா. “அவர் எழுதி முடிக்கட்டும். முதலிலேயே இலக்கத்தைக் காட்டினால் அவர் அதைத்தான் காணுவார்” என்றா.

அவ சொன்னது சரி. படித்தவர்களுக்குச் சொல் முதலில் வரும், எழுத்து பிறகு வரும். எனக்கு இங்கிலீசு வாசிப்பு அவ்வளவாய் இல்லாதது அன்றைக்கு ஒருநாள் உதவியது. நான் துளையை மட்டும் பார்த்தேன். பெயர் வந்தது. பெயர் வரும் என்று எல்லாருக்கும் தெரியும், அது பெரிய காரியம் இல்லை. இலக்கம்தான் மூச்சை வாங்கியது. ஒரு இடத்தில் மூன்றா எட்டா என்று விளங்கவில்லை. பெயரில் இருந்த வளைவு எழுத்துகளின் துளையை எண்ணி, அந்த மேசன் மூடிய வளைவுக்கு எத்தனை போடுவான் என்று பார்த்து, மூன்று என்று எழுதினேன். கடதாசியை அவவிடம் நீட்டினேன்.

அவ கண்ணாடியை மாற்றி, கைப்பையைத் திறந்து, இரண்டு கடதாசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு இலக்கமாய்த் தொட்டுக்கொண்டு போனா. கடைசி இலக்கத்தில் விரல் நின்றது. “ஓம், அதேதான்” என்றா. நிர்மலா அழுதார்.

பிறகு மிஸ் ஐவி படத்தை எடுத்துக் காட்டினா. கல்லில் மூன்றாவதாய் ஒரு வரி இருந்த மாதிரி ஒரு மங்கல் தெரிந்தது. “கீழ என்ன?” என்று கேட்டா.

கீழே துளை இல்லை. அந்த வரிக்குப் பையன்களிடம் ஈயத்துக்குக் காசு போதாமல் போயிருக்கும். மேலாகக் கீறி மை பூசியிருக்கிறார்கள். அப்படிக் கீறினதெல்லாம் அசிட்டோடு போய்விடும். நான் விரலால் தடவிப் பார்த்தேன், கண்ணாடி பிடித்து வெயிலைத் திருப்பிப் பார்த்தேன், ஈரமாக்கிப் பார்த்தேன். வழவழப்பாய் இருந்தது. நான்தான் வழவழப்பாக்கினேன்.

“இல்லை” என்றேன்.

“நீ கழுவினபோது இருந்ததோ?”

“இருந்திருக்கும்.”

“என்ன எழுதியிருந்தது?”

“நான் வாசிக்கேல்லை.”

அந்த ஆறு பையன்களும் தங்கள் கூட்டாளிக்கு என்ன எழுதினார்கள் என்பது இனி யாருக்கும் தெரியாது. மிஸ் ஐவி கல்லின் கீழ்ப்பக்கத்தைக் கையால் மூடிக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தா.

7. புத்தகத்தில் இல்லாதது

விண்ணப்பம் போனது. போர்க் கல்லறைகளைப் பார்க்கிற அலுவலகத்தில் இருந்து ஒரு பெண் அதிகாரி வந்து கல்லைப் பார்த்தார். நல்ல கெட்டிக்காரி. கல் இவ்வளவு பழசு, முகம் மட்டும் ஏன் புதுசு, துளைகளை யாரும் அண்மையில் போட்டிருக்கிறார்களா என்று கேட்டார். நியாயமான கேள்வி. நான் முன்னுக்கு வந்து, நான்தான் அசிட் ஊற்றினேன் என்று சொன்னேன். வக்கீலின் முன் அதை எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். ஏற்கனவே நாலு பேருக்கு அனுப்பிப் பெருமைப்பட்ட அந்த வெள்ளைக் கல்லின் படத்தையும் நாளோடு கொடுத்தேன். மிஸ் ஐவி என்னிடம் வருமுன் எடுத்த அந்தப் படத்திலேயே துளைகள் தெரிந்ததால்தான் அவை பழையவை என்று ஒத்துக்கொண்டார்கள். கவுன்சில் என் பெர்மிட்டை ஒரு வருசத்துக்கு நிறுத்தியது. மகன் என்னோடு மூன்று மாதம் சரியாய்ப் பேசவில்லை. இரண்டும் எனக்கு வரவேண்டியவைதான்.

பதில் வர ஒரு வருசத்துக்கு மேல் பிடித்தது. மிஸ் ஐவி அதற்கு முன்னே, அந்தக் குளிர்காலம் முடிய வந்த தவக்காலத்திலேயே போய்விட்டா. கடைசியாய்ப் பார்க்கப் போனபோது, கடிதம் வந்ததா என்று கேட்டா. வரவில்லை என்றேன். நீ பொய் சொல்கிற ஆள், உண்மையில் வரவில்லையா என்று திரும்பவும் கேட்டா. உண்மையில் வரவில்லை என்றேன். நம்பினாவோ தெரியாது. என்னை மன்னித்துவிட்டேன் என்று அவ ஒருநாளும் சொல்லவில்லை. அவ போனபின், அவவின் கல்லை நான் செய்கிறேன் என்று கேட்டேன். வேறு ஆளிடம் கொடுக்கச் சொல்லி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தா.

கிளெமென்ட் இப்போது பட்டியலில் இருக்கிறான். அரசாங்கத்தின் புதுக்கல் வந்தது, அதன் பக்கத்தில் பழைய கல்லையும் விட்டிருக்கிறார்கள். ஆசீர்வாதத்துக்குக் கிரனடாவில் இருந்து யாரும் வர முடியவில்லை. பாதர், நிர்மலா, திரேசா, நான், அந்த அதிகாரி. ஐந்து பேர். மழை தூறியது.

இப்போது நிர்மலா இந்தக் கதையைச் சின்னப் புத்தகமாய்ப் போட்டிருக்கிறார். இங்கிலீசில் எழுதிய நல்ல புத்தகம். மகனைக் கொண்டு வாசிப்பித்துக் கேட்டேன். அதில் ‘காலத்தாலும் மழையாலும் எழுத்துகள் அழிந்திருந்த கல்’ என்று இருக்கிறது. நன்றிப் பக்கத்தில் ‘உள்ளூர்க் கல்வேலைக்காரர் ஒருவர்’ என்று இருக்கிறது. போன் எடுத்துக் கேட்டேன்.

“உங்க பேரு கெட்டுப் போயிரக் கூடாதுன்னுதான் அண்ணாச்சி அப்படிப் போட்டேன். பேரைப் போட்டா அசிட் விஷயத்தையும் போடணும்லா. ஆமா, நீங்களே யோசிங்க” என்றார்.

அவர் நல்ல மனசோடுதான் செய்தார். யோசித்தேன். யோசித்துத்தான் இதை எழுதுகிறேன்.

தொழிலுக்கு வருகிற தம்பிமாருக்கு: கல்லைத் தொடமுன் வாசியுங்கள். வாசிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்படாமல் ஆளைக் கூப்பிட்டு வாசிப்பியுங்கள். காசு இல்லாத கல்லையும் வேலைக்கு முன் படம் எடுங்கள். அழுக்கு என்று நினைப்பதை உடனே கழுவாதீர்கள். யாராவது தேடி வந்து கேட்டால், அந்த நிமிசமே சொல்லுங்கள். நான் சொல்லாமல் விட்ட மாதங்களில் ஒரு கிழவியின் கடைசிக் குளிர்காலம் போனது.

நிர்மலாவுக்கும் வரலாற்றுக் குழுவுக்கும்: அடுத்த முறை அச்சடிக்கும்போது என் பெயரைப் போடுங்கள். மன்னார் செபமாலை என்று முழுதாய்ப் போடுங்கள். துளையை வாசித்தவன் நான், இலக்கத்தைப் பிடித்தவன் நான், அந்த எழுத்துகளை அழித்தவனும் நான். மூன்றும் ஒரே வரியில் வரவேண்டும். அந்தக் கல்லை மழை நூறு வருசத்துக்கு மேல் நனைத்தும் பெயர் பாதி நின்றது. செய்யாத வேலைக்கு மழையின் பெயரைப் போட்டிருக்கிறீர்கள். மழைக்குக் கொடுத்த இடத்தை எனக்குத் தாருங்கள்.